அறுபத்து நாலு வீட்டுக்கு ஒரே கையெழுத்து

அத்தியாயம் 14

போன வாரம் அந்த வீட்டை விட்டு நாம் வெளியே வந்தபோது உள்ளே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன மகளுக்கு வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்தில் வேலை கிடைத்து ஒரு மாதம் ஓடியிருந்தது. தெருவில் அவளுக்கு 'டிகிரி' என்று பெயர். அந்தத் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் வைத்த பெயர். பாதி பெருமை, பாதி கிண்டல்.

வேட்பாளரை ஊரே வக்கீலம்மா என்று கூப்பிட்டது. அவர் மேடையேறி, சட்டமன்றத்துக்குப் போனதும் தான் செய்யப்போகிற முதல் ஐந்து வேலைகளைத் தான் எழுதவில்லை, ஜனங்கள்தான் எழுதினார்கள் என்று அறிவித்திருந்தார். சும்மா சொன்னதில்லை. வீடு வீடாகப் போய் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு சீட்டு வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு கோரிக்கை. எண்ணிப் பார்த்து முதல் ஐந்து இடத்தில் எது வருகிறதோ அதுதான் அறிக்கை. எண்ணியவள் டிகிரி.

அந்தச் சிரிப்பு புதன்கிழமை காலை ஆறு மணி வரைதான் தாங்கியது.

அறிக்கையின் முதல் அச்சுப்படியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. பெருமைக்குத்தான். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த அம்மா, கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அம்மாவுக்குப் படிக்க வரும். ஆனால் சாலையைக் கடக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள்.

தினமும் குடிதண்ணீர். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை. ரயில் பாதைக்கு அடியில் நடந்து போக வழி. குடியிருக்கும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம். ஐந்தாவதாக, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வர மினி பஸ்.

அம்மா தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"சாயங்கால டாக்டர் இதுல இல்லையே."

டிகிரிக்கு ஒரு நொடி புரியவில்லை. அம்மா சொன்னது சுகாதார நிலையத்தை. காலை எட்டுக்குத் திறந்து பன்னிரண்டுக்குப் பூட்டிக்கொண்டு போய்விடும் இடம். அதைச் சாயங்காலமும் திறக்கச் சொல்லி மற்ற தெருக்களில் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். அம்மாவும் அதையே கேட்பாள் என்பது இவளுக்குத் தெரியாது.

அது ஆறாவது இடத்துக்குப் போய்விட்டது, கொஞ்சத்தில் தவறிவிட்டது என்றாள்.

"நம்ம தெருவையும் சேர்த்து எண்ணித்தானா?" அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "பக்கத்துத் தெருவுக்கெல்லாம் வந்து கேட்டாங்களாம். நம்ம தெருவுக்கு எப்ப வந்தாங்க?"

இங்கேதான் டிகிரி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். அவள் இரண்டும் செய்யவில்லை.

"வந்தாங்கம்மா. நீ வேலைக்குப் போயிருந்தே. நம்ம வீட்டுக்கு நான்தான் சொன்னேன்."

கடைசி வாக்கியத்தில் ஒரு சொட்டு உண்மை இருந்தது. அந்த ஒரு சொட்டை வைத்துக்கொண்டு மீதியை விழுங்கச் செய்யலாம் என்று நினைத்தாள். அம்மா விழுங்கினாள். அதுதான் தாங்கவில்லை.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லித் தாளை மடிப்புக் கலையாமல் அலமாரி மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அம்மா போய் வாசல் அமைதியானதும் தையல் மெஷின் நின்றது. அக்காவின் மெஷின் தானாக நிற்காது. பள்ளிச் சீருடைக்குக் காலர் தைத்துக் கொடுக்கிறவள் அவள். நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டே போவாள். மெஷினுக்குப் பின்னால் வெள்ளைக் காலர்கள் நீளமாக வால் விட்டுத் தொங்கும். வால் தரையைத் தொட்டால்தான் காலைத் தூக்குவாள். இன்று வால் பாதியில் நின்றது.

"மேடம்" என்றாள். கோபம் வந்தால் தங்கை அவளுக்கு மேடம் ஆகிவிடுவாள். "பகல் பூரா இந்த வாசலைப் பாத்துதான் உக்காந்திருக்கேன். காக்கா வந்து உக்காந்தாக்கூட எனக்குத் தெரியும். எவன் வந்தான், எவ வந்தா? சொல்லு."

டிகிரி தலைவாரிக்கொண்டிருந்தாள். வாரின இடத்தையே திரும்பத் திரும்ப வாரினாள்.

"அன்னைக்கு இந்தக் காலர் வெட்டுற பலகையில உக்காந்து எழுதித் தள்ளினியே. நான்கூட எங்கயோ வாங்கிட்டு வந்ததைப் பாத்து எழுதுறியோன்னு நெனச்சேன். எங்க எல்லாருக்கும் சேர்த்து நீயே எழுதிட்டே. இல்ல?"

 அக்காவுக்குப் பதில் தேவைப்படவில்லை. அவள் அடுத்ததாகச் சொன்னதைத்தான் டிகிரி நாள் முழுக்கச் சுமந்துகொண்டு அலையப்போகிறாள்.

அம்மா வேலை செய்வது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில். படுக்கை விரிப்பை இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். போன வாரம் அம்மாவின் வலது கை உருளையில் பட்டிருக்கிறது. பட்டது அம்மாவுக்குத் தெரியவில்லை. எதிர் முனையில் நின்றவள் கத்தின பிறகுதான் கையை எடுத்தாளாம். இரண்டு விரல் கொப்பளித்துப் போயிருக்கிறது. வலியே இல்லை என்று அம்மா அதை ஒரு நல்ல செய்தி மாதிரி அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

"சுட்டா வலிக்கணும்டீ" என்றாள் அக்கா. "வலிக்கலைன்னா அது நல்லதில்லைன்னு எட்டாவது படிச்ச எனக்கே தெரியுது. எங்க போய்க் காட்டுவா? ஏழு மணிக்கு உள்ள போனா நாலு மணிக்குத்தான் வெளிய விடுறான். லீவு போட்டா ஆளை மாத்திடுறான். டாக்டருங்க கோட்டுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக் கொடுக்குறா, ஒரு டாக்டரைப் பாத்ததில்ல. நீ பஸ்ஸு கேட்டுட்டு வந்திருக்கே."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

நடந்தது இதுதான். பத்து வயதிலிருந்து அந்தத் தெருவின் எல்லாப் படிவங்களையும் நிரப்பியவள் அவள். பள்ளிக்கூட விண்ணப்பம், வங்கிப் படிவம், மின்சார வாரியத்துக்குப் புகார், தொலைந்துபோன அடையாள அட்டைக்கு மனு. ஆள் வந்து எதிரில் உட்காரக்கூட வேண்டியதில்லை. யாருக்கு என்ன வயது, எந்த வீட்டில் எத்தனை பேர், யாருடைய கையெழுத்து கோணலாக விழும், எல்லாம் மனப்பாடம். தாளை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் நிரப்பித் தருவாள். எழுதினது என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவளும் படித்துக் காட்டினதில்லை.

சீட்டு வேலையில் முப்பது தெருக்களுக்கு முறையாகப் போனாள். அலுவலகத்தில் இருந்து அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்கள் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். தொண்டர்கள், நல்ல பிள்ளைகள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள், காது கொடுத்துக் கேட்டார்கள். முப்பத்தொன்றாவது டிகிரியின் தெரு. அதற்கு மட்டும் அவள், 'நீங்க வீட்டுக்குப் போங்க, என் தெருவை நானே பாத்துக்குறேன்' என்று சொல்லிவிட்டாள்.

ஏன் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியும். சாக்கடைப் பலகை மேல் கால் வைத்து அந்தப் பெண்கள் அவள் வீட்டுக்குள் குனிந்து நுழைவதை அவளால் கற்பனை செய்ய முடிந்தது. அதற்கு மேல் கற்பனை செய்ய அவளுக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான். இதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுகத் தேவையில்லை. வெட்கம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அறுபத்து நாலு சீட்டையும் ஒரே மூச்சில் எழுதினாள். அறுபத்து நாலிலும் பஸ். நாலு வருஷம் புத்தகப் பையோடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நடந்தவளுக்குத் தெருவின் குறை என்றால் வேறெதுவும் தோன்றவில்லை.

---

அலுவலகம் முன்பு ஒரு நாற்காலிக் கடையாக இருந்த இடம். நாற்காலிகளை எல்லாம் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் பாதிப் பேர் தரையில்தான் உட்காருவார்கள். சீட்டுகள் செருப்புப் பெட்டிகளில், தெருவுக்கு ஒரு பெட்டியாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன.

அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதைச் சொன்னாலும் சதவீதத்தில் சொல்லுவார். இன்றைக்குக் காபி எழுபது சதவீதம், வெயில் நூற்றிப் பத்து. அதனால் 'சதவீதம்' என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. மற்றவர்கள் எண்ணின பெட்டிகளை இரண்டு தரம் எண்ணிப் பார்ப்பார். டிகிரியின் பெட்டிகளைத் திறந்ததே இல்லை.

நாலு மணிக்கு அச்சகத்துக்கு ஆள் போக வேண்டும், தப்பு ஏதாவது இருந்தால் அதற்குள் பார்த்துச் சொல்லு என்று அச்சுப்படியை அவளிடமே நீட்டினார். அவருக்குத் தெரிந்து தப்பு என்பது கால் வாங்காமல் போன எழுத்து.

அவள் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். எண்ணிக்கைப் பட்டியலைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, மனப்பாடம்தான். பஸ், இருநூற்று நாலு. சாயங்கால டாக்டர், நூற்றி எழுபத்தொன்று. இருநூற்று நாலிலிருந்து அறுபத்து நாலை எடு. நூற்றி நாற்பது.

தன் தெருவின் பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

காலையிலிருந்து அவள் அம்மாவின் கையை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது நூற்றி எழுபத்தொரு பேர் வந்து நின்றார்கள். அந்தச் சீட்டுகளை வாங்கினது அவள்தானே. வீட்டு வேலைக்குப் போகிற ஒருத்தி, காய்ச்சலில் துவளும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நன்றாகக் கொட்டை எழுத்தில் எழுது என்று சொன்னாள். இவளும் கொட்டை எழுத்தில்தான் எழுதினாள். அப்புறம் வீட்டுக்குப் போய் அதை அடித்து வீழ்த்த அறுபத்து நாலு சீட்டு தயார் பண்ணினாள்.

பஸ்ஸும் நல்ல விஷயம்தானே என்று ஒரு குரல் உள்ளிருந்து சப்பைக்கட்டு கட்டியது. அது படித்தவளின் குரல். அதைக் கேட்கவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மணி பதினொன்று. ஒரு கட்டு வெற்றுச் சீட்டை எடுத்துக்கொண்டு, தெருவில் சின்ன வேலை இருக்கிறது என்று சதவீதத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பகலில் அந்தத் தெரு காலியாக இருக்கும். அறுபத்து நாலு வீட்டில் நாற்பத்தைந்து வீடு பூட்டிக் கிடந்தது; வேலைக்குப் போன சனங்கள். திறந்திருந்த வீடுகளில் முதல் கதவைத் தட்டும்போதே அவள் மனதில் ஒரு நினைப்பு ஓடியது. எல்லோரும் டாக்டரைத்தான் கேட்கப்போகிறார்கள் என்று.

அதுவும் தப்பு. காவலாளியின் மனைவிக்கு ரயில் பாதைக்கு அடியில் வழி வேண்டும். பிள்ளைகள் பாதையைத் தாண்டிப் போகிறவரை அவளுக்கு உயிர் உயிராக இருக்காது. கணுக்கால் பிசகி வீட்டில் கிடந்த பெயிண்டர், பஸ் வந்தால்தான் நான் மறுபடி வேலைக்குப் போகமுடியும் என்றார். அவர் பெயரில் பஸ் என்று ஏற்கெனவே எழுதியிருந்தவளுக்கு, அதை அவர் வாயால் கேட்டபோது நிம்மதிக்குப் பதிலாக இன்னும் அசிங்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் ஒன்று குறியில் பட்டுவிட்டது, அதற்கு என்ன பெருமை.

பழைய பாட்டில்களைத் தரம் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி தலையே தூக்கவில்லை.

"உனக்குத் தெரியாததா. நீயே ஏதாச்சும் எழுதிக்கோ கண்ணு."

டிகிரி சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாதுக்கா. நீங்க சொல்லுங்க."

அந்தப் பெண் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு வெகுநேரம் யோசித்தாள். தன்னிடம் இப்படி ஒன்றை யாரும் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை என்பது தெரிந்தது. கடைசியில், தெரு முனையில் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும் என்றாள். லாரி வருகிறவரை மூட்டையோடு நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறதாம். இதைக் கேட்கலாமா, சட்டமன்றத்துக்குப் போகிறவர்களிடம் பெஞ்சு கேட்டால் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டாள்.

டிகிரி ஆயிரம் படிவம் நிரப்பியிருப்பாள். பெஞ்சு என்பது அவளுக்கு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது.

பத்தொன்பது சீட்டு தேறியது. பஸ் ஆறு, சாயங்கால டாக்டர் ஐந்து, தண்ணீர் நாலு, ரயில் பாதை மூன்று, பெஞ்சு ஒன்று. ஒவ்வொன்றையும் எழுதிவிட்டுப் படித்துக் காட்டினாள். திரும்பி நடக்கும்போது கூட்டிப் பார்த்தாள். பொய்யை எடுத்துவிட்டு மெய்யைச் சேர்த்தால் பஸ் நூற்றி நாற்பத்தாறு. டாக்டர் நூற்றி எழுபத்தாறு.

ஐந்தாவது இடம் டாக்டருடையதுதான். அதை வாங்கிக் கொடுக்க அவள் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். வக்கீலம்மா முன்னால் போய் நின்று, நான் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

---

வக்கீலம்மா மூன்று மணிக்குத்தான் வந்தார். பின் அறையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்பது அவர் சாக்கு. டிகிரி அறுபத்து நாலு சீட்டையும் மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில் புதுச் சீட்டு பத்தொன்பது. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அந்த இரண்டு பெண்களை ஏன் திருப்பி அனுப்பினாள் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அது நேரம் இல்லாமல் போனதால் என்றாள்.

சதவீதத்தின் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு, இது வெளியே தெரிந்தால் மீதி ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் சீட்டும் பொய் என்று எதிராளி மைக் பிடித்துக் கத்துவான், ஐந்தாவதைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு இந்தப் பெட்டியை நெருப்பில் போட்டுவிடலாம் என்றார். மொத்தத்தில் இது மூணேகால் சதவீதம்தான், எந்தக் கணக்கெடுப்பிலும் இவ்வளவு பிசகு வரும் என்று ஆறுதலும் சொன்னார்.

"அந்த மூணேகால் சதவீதத்துல இவ அம்மா இருக்காங்க மாஸ்டர்" என்றார் வக்கீலம்மா.

கையைக் கழுவிக்கொண்டு வந்து சீட்டுகளை மேஜை மேல் பரப்பினார். சீட்டு விளையாடுகிறவர் மாதிரி வரிசை வரிசையாக. அவர் என்ன பார்க்கிறார் என்பது டிகிரிக்குத் தெரிந்தது. தெரிந்ததும் காது சூடாகிவிட்டது.

"பன்னெண்டு சீட்டு ஊதா. அப்புறம் பத்து கறுப்பு. அப்புறம் பச்சை. அப்புறம் மறுபடி ஊதா." வக்கீலம்மா குரலை உயர்த்தவில்லை. நீதிமன்றத்திலும் அவர் உயர்த்த மாட்டாராம். "தப்புன்னு தெரியாமப் பண்ணியிருந்தா பேனாவை எதுக்கும்மா மாத்தினே?"

 இந்தக் கேள்வியை டிகிரி தன்னிடமே கேட்டுக்கொள்ளாமல் இத்தனை நாள் தப்பித்திருந்தாள்.

வக்கீலம்மா அவளைப் பதிலுக்காக வாட்டவில்லை. தன்மேலும் கொஞ்சம் பழியைப் போட்டுக்கொண்டார். அந்தத் தெருவுக்குத் தானும் ஒரு முறைதான் போனதாகவும், சாக்கடைப் பலகை ஆடுகிறது என்று யாரோ சொன்னதால் வண்டியை விட்டு இறங்காமலே கும்பிட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார். பிறகு முடிவைச் சொன்னார். அச்சகத்துக்கு இன்று ஆள் போக வேண்டாம்.

"நாளைக் காலைல ஏழரைக்கு உன் தெரு முனையில நிக்கறேன். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். சனங்க வேலைக்குக் கிளம்புற நேரம். நீ பேசணும். என்ன பண்ணினேன்னு சொல்லு, அப்புறம் என்ன வேணும்னு கேளு. அவங்க வாயால வந்ததை எண்ணி அஞ்சாவது எதுவோ அதை அப்படியே போடுவோம்."

"நீங்களே சொல்லிடக் கூடாதாம்மா?"

"நான் சொன்னா அது பிரச்சாரம். நீ வரலைன்னா அஞ்சாவது இடத்தைக் காலியா விட்டு அச்சடிப்பேன். பொய்யும் வேண்டாம், யூகமும் வேண்டாம்."

சரிங்கம்மா என்றாள் டிகிரி. வேறு என்ன சொல்ல முடியும்? சதவீதம் அவளை வாசல் வரை வந்து வழியனுப்பினார். எத்தனை சதவீதம் பயம் என்று கேட்டார். கிண்டல் பண்ணத்தான் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததும் அவருக்கே என்னவோ போலாகிவிட்டது.

---

அம்மா நாலரைக்கு வந்தாள். முகம் கழுவிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிகிரி எதிரில் தரையில் உட்கார்ந்து, நாளைக்குத் தெருவுக்கே தெரியப்போகிற விஷயம், உனக்கு முதலில் தெரியணும் என்று ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் சொன்னது பொய் என்றாள். யாரும் வரவில்லை, நானே எழுதினேன் என்றாள். வக்கீலம்மாவிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். அந்த இடத்தில் குரல் இறங்கிவிட்டது.

"அந்தப் பொண்ணுங்க நம்ம வீட்டைப் பாக்கக் கூடாதுன்னுதாம்மா."

மெஷின் நின்றது. அக்காவிடமிருந்து ஒரு மேடமாவது வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

அம்மா திட்டினால் நன்றாக இருக்கும். இரண்டு அறை விட்டால் இன்னும் நன்றாக இருக்கும். அம்மா தெருவைப் பார்த்தாள், பிறகு வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக ஒரு வெளியாளின் கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வையை அம்மாவுக்குக் கொடுத்தது தான்தான் என்பது டிகிரிக்கு உறைத்தது. இனி அதைத் திருப்பி வாங்க முடியாது.

"வந்திருந்தா தண்ணி குடுத்திருப்பேன்" என்றாள் அம்மா.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இப்பவாச்சும் கேளு" என்றாள் பிறகு.

"என்னம்மா?"

"எனக்கு என்ன வேணும்னு."

டிகிரி கேட்டாள். இருபத்திரண்டு வயதில், அம்மாவிடம் அந்தக் கேள்வியை முதல் முறையாகக் கேட்டாள். 

அம்மா வலது கையை நீட்டினாள். சுட்ட இடத்தில் தோல் உரிந்து ரோஜா நிறத்தில் இருந்தது. இந்த இரண்டு விரலும் ஒன்பது மாதமாக மரத்துப் போயிருக்கின்றன என்றாள். போன வாரத்திலிருந்து மூன்றாவது விரலும். விரிப்பின் முனை கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாளாம். சாயங்கால டாக்டர் வந்தால் போகலாம் என்று காத்திருந்தாளாம். யாராவது வந்து கேட்பார்கள், சொல்லலாம் என்று.

"உங்க நோட்டீசுல வந்தாலும் அது என்னைக்குத் திறக்கும்? எலெக்ஷன் முடியணும், அவங்க ஜெயிக்கணும், அப்புறம் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அதுக்குள்ள எனக்குக் கையே இருக்காது." அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன சமையல் என்பது போலச் சொன்னாள். "நாளைக்கே போறேன். வேலை போனாப் போகட்டும், இனிமே அதுக்காகப் பயந்துட்டு இருக்க முடியாது. சுகாதார நிலையத்துல ஏழரைக்கு டோக்கன் குடுப்பாங்களாம், நாப்பது பேருக்குத்தான். நீ கூட வா."

அக்காவைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று டிகிரி வாயைத் திறப்பதற்குள் அம்மா கையமர்த்தினாள்.

"அவ வந்தா டாக்டர்கிட்ட சண்டை போடுவா. நீ வா. உனக்குத்தான் அவங்க பேசுறது புரியும். ஆனா ஒண்ணு, எனக்குப் பதிலா நீ சொல்லாதே, எழுதியும் குடுக்காதே. நானே சொல்லிக்கிறேன். நீ சும்மா பக்கத்துல இரு."

உள்ளே அக்கா நூலை வெட்டும் சத்தம் கேட்டது.

ஏழரை. தெரு முனையில் ஏழரை, டோக்கன் வரிசையிலும் ஏழரை. முனையில் அவள் நின்றால்தான் நூற்றி எழுபத்தாறு பேருக்கு ஐந்தாவது இடம். வரிசையில் நின்றால்தான் இந்த ஒருத்திக்கு டாக்டர்.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அம்மா தனக்கென்று கேட்ட முதல் உதவி.

"சரிம்மா" என்றாள் டிகிரி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வக்கீலம்மாவுக்கும் இதே வாயால்தான் சரி சொல்லியிருந்தாள். இரண்டில் ஒன்று பொய்யாகப் போகிறது. எது என்று அந்த நிமிஷம் அவளுக்கே தெரியவில்லை.